பழைய வாகன வரலாற்று விவரத் திருத்தம்

பழைய வாகன வரலாற்று விவரத் திருத்தம் என்பது, ஏற்கனவே பயன்படுத்தப்பட்ட மகிழுந்து முதலிய வாகனங்களின் பதிவு, உரிமை, கடன், காப்பீடு ஆகியவை பற்றிய ஆவணங்களில் உள்ள பிழைகளைச் சரிசெய்வதாகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய விவரங்களைத் தொகுத்து அறிக்கையாக விற்கும் தனியார் நிறுவனங்கள் உள்ளன. இந்தியாவில் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'வாகன்' தரவுத்தளமே இவ்விவரங்களுக்கு முதன்மை மூலமாகும். தனியார் இணையத்தளங்களின் அறிக்கைகள் மூலப் பதிவுகளின் படிகளே. ஆகவே அறிக்கையை அன்றி, மூலப் பதிவையே திருத்த வேண்டும்.

பொதுவான பிழைகள்

* பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றியபோது அடிச்சட்ட (சேஸிஸ்) எண் அல்லது இன்ஜின் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருத்தல்.
* தயாரிப்பு ஆண்டு தவறாக இருத்தல். இது காப்பீட்டு மதிப்பையும் வாகனத்தின் வயதுக் கணக்கையும் பாதிக்கும்.
* கடன் அடைக்கப்பட்ட பின்னரும் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாதிருத்தல்.
* விற்பனைக்குப் பின்னரும் முந்தைய உரிமையாளரின் பெயரே நீடித்தல்.

சட்டப் பின்னணி

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55(5) பிரிவின்படி, வாகனத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண் சான்றிதழில் உள்ள எண்ணுடன் வேறுபட்டால், உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்பளித்த பின் பதிவை இரத்து செய்யலாம். 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களிலும் வாங்குபவர் 30 நாட்களிலும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

2007இல் விற்கப்பட்டுப் பலரிடம் கைமாறிய ஒரு மகிழுந்து 2009இல் விபத்துக்குள்ளானது. பதிவேட்டில் பெயர் மாற்றப்படாததால், பதிவு பெற்றிருந்த முந்தைய உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருத்தும் முறை

எண் அல்லது ஆண்டில் பிழை இருப்பின், பதிவேட்டைப் பேணும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் விற்பனைச் சான்றிதழும் (படிவம் 21) தயாரிப்பாளர் வழங்கிய தகுதிச் சான்றிதழும் (படிவம் 22) வலுவான ஆதாரங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வாகனத்தை நேரில் பார்த்து எண்ணை ஒப்பிடுவார். கடன் பதிவை நீக்க, உரிமையாளரும் நிதி நிறுவனமும் கையொப்பமிட்ட படிவம் 35 தேவை. உரிமை மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 பயன்படுகின்றன. முதல் ஆவணங்கள் பெரும்பாலும் விற்பவரிடமே இருக்கும் என்பதால், முழுத்தொகை செலுத்தும் முன்னரே திருத்தத்தை முடிப்பது நன்று.

தாமிரபரணி வட்டாரம்

திருநெல்வேலியின் பதிவுக் குறியீடு டி.என். 72, தூத்துக்குடியினுடையது 69, தென்காசியினுடையது 76. தென்காசி தனி மாவட்டமானது 2019இல் என்பதால், அதற்கு முந்தைய சான்றிதழ்களில் அவ்வூர் முகவரிகள் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். இது பிழையன்று.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையால் தாமிரபரணியில் வெள்ளம் ஏற்பட்டது. வெள்ளத்தில் மூழ்கியமை பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பதிவு, பழுதுநீக்கப் பட்டறையின் பட்டியல் ஆகியவற்றிலேயே அதனை அறியலாம். 72 அல்லது 69 என்னும் குறியீடு மட்டும் வெள்ளச் சேதத்திற்குச் சான்றாகாது. வேறொரு வாகனத்தின் இழப்பீடு தவறாகச் சேர்க்கப்பட்டிருப்பின், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் திருத்தம் கோரலாம். உண்மையான சேதத்தை மறைப்பது திருத்தம் ஆகாது.

இவற்றையும் பார்க்க

* மோட்டார் வாகனச் சட்டம், 1988
* வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்