நிரந்தரம் யாருக்கு?

'பர்மனென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை வேலைக்கும் முகவரிக்கும் மார்க்கர் பேனா மைக்கும் நாம் சர்வசாதாரணமாகச் சூட்டிவிடுகிறோம். அதன் லத்தீன் மூலத்திற்குக் 'கடைசிவரை தங்கியிருத்தல்' என்று பொருள். மாளிகையைக் குறிக்கும் 'மேன்ஷன்' என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். (திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் காலம் கழித்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.)

இச்சொல் ஒரு தேசத்தின் நிலத்தின்மீது ஏறி அமர்ந்தது 1793ஆம் ஆண்டில். வங்காளத்து ஜமீன்தார்கள் கும்பினிக்குச் செலுத்தவேண்டிய வரி இனி என்றென்றும் மாறாது என்று அவ்வாண்டு மார்ச் 22 அன்று காரன்வாலிஸ் பிரகடனம் செய்தார். அதற்குமுன் அது பத்தாண்டு ஏற்பாடாகவே தொடங்கியிருந்தது. அந்த ஏற்பாட்டை வகுப்பதில் பெரும்பங்கு வகித்த ஜான் ஷோரே, உடனடியாக அதை நிரந்தரமாக்க வேண்டாமென்று வாதிட்டார். நிலத்தைப் பற்றியும் குடியானவரின் உரிமைகளைப் பற்றியும் அரசுக்குப் போதிய அறிவில்லை என்பது அவர் கட்சி. அவர் வாதம் எடுபடவில்லை.

எது நிரந்தரமாயிற்று என்பதை நாம் கவனிக்கவேண்டும். வசூலாகும் குத்தகையில் 11இல் 10 பங்கு என்ற கணக்கில் அரசுக்குரிய தொகை நிலைபெற்றது. ஜமீன்தாரோ நிலைபெறவில்லை. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் கட்டத் தவறினால் நிலம் ஏலத்திற்குப் போனது; முதல் இருபது ஆண்டுகளிலேயே ராஜஷாஹி போன்ற பழைய பெருஞ்ஜமீன்கள் சிதறின. உழுதவனின் குத்தகைக்கோ திடமான வரம்பே இல்லை. குடியானவருக்குச் சட்டத்தின் கண் திரும்ப 1859 வரை, அதாவது 66 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. 1793 முதல் குத்தகை மாறாதிருந்தால் அது இனியும் உயராது என்றது அவ்வாண்டின் 10ஆம் சட்டம். இருபது ஆண்டுகள் மாறாதிருந்ததைக் காட்டினாலே 1793 முதல் மாறவில்லை என்று அச்சட்டம் கொண்டது; ஆனாலும் எழுத்தறியாத உழவன் அந்த ரசீதுக்கு எங்கே போவான்?

1802இல் இத்திட்டம் சென்னை ராஜதானிக்கும் வந்தது. சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் 1803இல் சன்னது கிடைத்தது. 'மில்கியத் இஸ்திமிரார்' என்பது அந்தச் சன்னதின் பெயர். இடையறாத உடைமை என்று பொருள் கொள்ளலாம். நம் பாடநூல்கள் 'நிரந்தர நிலவரி' என்றும் 'சாசுவத நிலவரி' என்றும் இருவிதமாக எழுதுகின்றன. நிரந்தரம் என்றால் இடைவெளியற்றது. சாசுவதம் என்றால் அழிவற்றது. காரன்வாலிஸ் எண்ணியது இரண்டாவதைத்தான் என்பது நம் கருத்து.

சென்னையில் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும், கிழக்கு வங்காளத்தில் 1950ஆம் ஆண்டின் சட்டமும், மேற்கு வங்காளத்தில் 1953ஆம் ஆண்டின் சட்டமும் அதை முடித்துவைத்தன.