லுவார் பள்ளத்தாக்கின் கோட்டைகள்: அரசர் உறைவிடம் பொதுச் சொத்தான வரலாறு

முன்னுரை

பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. இதன் நடுப்பகுதியிலும் ஷேர், ஆந்த்ர், வியென் ஆகிய துணையாறுகளின் கரைகளிலும் கோட்டைகளும் மாளிகைகளும் நெருக்கமாக நிற்கின்றன. திராட்சைத் தோட்டங்களும் கோதுமை வயல்களும் சிறு ஊர்களும் நிறைந்த இந்த நாட்டுப்புறத்துக்கு இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். ஷம்போர் மாளிகைக்கு மட்டும் ஓராண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததுண்டு.

இக்கட்டடங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கட்டியவர்களைப் பற்றியே பேசுகின்றன. கட்டியவர்களின் கதை அதிகம் போனால் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் வந்த நான்கு நூற்றாண்டுகளில் இவை கைவிடப்பட்டன, விற்கப்பட்டன, இடிக்கப்பட்டன. பலவும் தப்பி நின்றன. எப்படித் தப்பின என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பார்க்க வரும் உரிமை அரசவையிலிருந்து பயணிகளுக்கும், பயணிகளிடமிருந்து பொதுமக்களுக்கும் படிப்படியாக விரிந்ததுதான் இக்கட்டடங்களைக் காத்தது என்பது என் முடிவு.

போர்க்கோட்டையிலிருந்து இன்ப மாளிகைக்கு

லுவார் கரையின் பழைய கோட்டைகள் அச்சத்தில் எழுந்தவை. ஆன்ஜூ நாட்டுப் பிரபு ஃபுல்க் நெரா பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் லான்ஷேயில் எழுப்பிய கற்கோபுரத்தின் இடிபாடு இன்றும் நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆன்ஜே கோட்டையின் 17 வட்டக் கோபுரங்கள், கருநிறப் பலகைக்கல்லும் வெண்சுண்ணாம்புக்கல்லும் மாறிமாறி அடுக்கிய பட்டைகளுடன் இப்போதும் மிரட்டுகின்றன. வியென் கரையிலுள்ள ஷினோன் கோட்டையில்தான் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி 1189இல் இறந்தார்.

நூறாண்டுப் போர் இந்தப் பள்ளத்தாக்கின் விதியை மாற்றியது. பாரிஸ் நகரம் எதிரிகள் வசமானபோது, பட்டத்து இளவரசர் சார்லஸ் லுவாருக்குத் தெற்கே ஒதுங்கினார். 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் அவரைச் சந்தித்தது ஷினோனில். 1436இல் பாரிஸ் மீண்ட பிறகும் அரசர்கள் லுவார் கரையை விட்டுப் போகவில்லை. வேட்டைக் காடுகள், மென்மையான காலநிலை, சரக்கும் ஆட்களும் போய்வரும் ஆற்றுவழி என்று எல்லாம் இங்கே இருந்தன. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிரான்சின் ஆட்சி இங்கிருந்தே நடந்தது.

பின்வந்த அரசர் எட்டாம் சார்லஸ் 1494-95இல் இத்தாலிமீது படையெடுத்தார். போரில் நிலைத்த வெற்றி கிட்டவில்லை. ஆனால் அங்கு கண்ட அழகு அவரை விடவில்லை. தோட்டக் கலைஞர் பசெல்லோ, கட்டடக் கலைஞர் தொமெனிகோ தா கோர்தோனா உள்ளிட்ட கைவினைஞர்களைத் தாம் பிறந்த அம்புவாஸ் கோட்டைக்கு வரவழைத்தார். 1498இல் அதே கோட்டையின் தாழ்ந்த நிலைக்கல்லில் தலை மோதி இறந்தார். அவர் தொடங்கிய மாற்றம் நிற்கவில்லை. அம்புத்துளைகள் இருந்த சுவரில் அகன்ற சன்னல்கள் வந்தன. அகழி, பகைவரைத் தடுக்கும் வேலையை விட்டு, மாளிகையைப் பிரதிபலிக்கும் நீர்ப்பரப்பானது. 1518இல் கில் பெர்த்தலோ என்ற நிதி அதிகாரி ஆந்த்ர் ஆற்றில் கட்டத் தொடங்கிய அஸே-லெ-ரிதோ மாளிகையில் மூலைக் கோபுரங்கள் வெறும் அலங்காரமாகவே எஞ்சின.

இந்த மாற்றத்துக்குக் கல்லும் துணை நின்றது. ஆற்றங்கரைக் குன்றுகளில் வெட்டியெடுத்த ‘துஃபோ’ என்னும் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் மிருதுவானது. உளிக்கு எளிதில் இணங்கும். நாள்பட நாள்பட வெளுக்கும். கல் எடுத்த குடைவுகள் பின்னர் வீடுகளாகவும் மதுக் கிடங்குகளாகவும் பயன்பட்டன. மாளிகையும் அதைச் சுற்றிய ஊரும் ஒரே குன்றிலிருந்து பிறந்தவை.

அரசரும் ஒரு விருந்தாளியே

1519இல் அரசர் முதலாம் பிரான்சுவா ஷம்போரைக் கட்டத் தொடங்கினார். நடுவிலுள்ள இரட்டைச் சுழல் படிக்கட்டில் ஒருவர் ஏறவும் மற்றொருவர் இறங்கவும் செய்யலாம். இருவரும் எதிரெதிரே வரவேண்டியதில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் அரசரின் அழைப்பில் அம்புவாஸ் வந்து, அதே 1519 மே மாதத்தில் அங்கேயே இறந்த லியோனார்டோ டா வின்சியின் சிந்தனை இதில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

இத்தனை பெரிய மாளிகையில், 32 ஆண்டுகள் ஆண்ட பிரான்சுவா மொத்தமாகத் தங்கியது 72 நாள்தான். அக்கால அரசவை ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்களும் குதிரைகளும் ஊர்ஊராக நகர்ந்தன. கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏறி வந்தன. அரசர் புறப்பட்டதும் அறைகள் வெறுமையாயின. ஆக ஷம்போர் தொடக்கத்திலிருந்தே குடியிருக்கும் இடமாக அமையவில்லை. வருகிறவர் கண்டு வியக்க வேண்டும், வியந்து அரசரின் ஆற்றலை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். பார்வையாளர் பின்னாளில் வந்து சேர்ந்தவர் அல்லர். இக்கட்டடத்தின் அடித்தளத்திலேயே இருந்தவர். அன்று அந்தத் தகுதி தூதர்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது.

1528இல் பிரான்சுவா தம் இருப்பைப் பாரிஸ் பக்கம் மாற்றினார். அதன்பின்னும் பள்ளத்தாக்கு சில பெரும் நிகழ்ச்சிகளைக் கண்டது. ஷேர் ஆற்றிலுள்ள ஷெனோன்சோவைப் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றி 1547இல் தம் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார்; ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியவர் அவர். ஹென்றி இறந்தபின் அரசி கேத்தரின் தெ மெதிசி அதை மீட்டு, அந்தப் பாலத்தின்மேல் 60 மீட்டர் நீள மண்டபத்தை எழுப்பினார். 1588 டிசம்பரில் புளுவா கோட்டையில் அரசர் மூன்றாம் ஹென்றியின் ஆணைப்படி அவருடைய அரசியல் எதிரியான கீஸ் பிரபு கொல்லப்பட்டார். 1670இல் பதினான்காம் லூயியின் முன்னிலையில் மொலியேரின் நாடகம் ஒன்று ஷம்போரில் முதன்முதலாக அரங்கேறியது. வெர்சாய் எழுந்த பிறகு லுவார் மாளிகைகள் மெல்ல மறக்கப்பட்டன.

விற்பனையும் இடிப்பும்

புறக்கணிப்பின் அளவை 1787இல் வந்த ஆங்கில வேளாண் ஆய்வாளர் ஆர்தர் யங்கின் குறிப்பில் காணலாம். ஷம்போரைச் சுற்றிய நிலத்தைக் கண்டு, இங்கே ஆங்கில முறையில் டர்னிப் பயிரிடும் பண்ணை அமைக்கலாம் என்று அவர் எண்ணினார். அடுத்த ஆண்டு புளுவா கோட்டை படைவீரர் குடியிருப்பானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஷம்போரின் தளவாடங்கள் ஏலம் போயின. ஷெனோன்சோவோ பெரிய சேதமின்றித் தப்பியது. அதன் உடைமையாளர் லூயிஸ் துப்பேன், சுற்றுவட்டாரத்தில் ஆற்றைக் கடக்க அந்த ஒரு பாலமே உண்டு என்று எடுத்துச் சொல்லிக் காத்தார் என்பது வழிவழிச் செய்தி.

புரட்சிக்குப் பின் வந்த ஆண்டுகள் இன்னும் கொடியவை. ‘கறுப்புக் கும்பல்’ என்று மக்கள் அழைத்த வணிகர்கள் பழைய மாளிகைகளை மலிவாக வாங்கி, கல்லையும் ஈயத்தையும் மரத்தையும் பிரித்து விற்றார்கள். பராமரிக்கப் பணமில்லாமல் அம்புவாஸ் கோட்டையின் பெரும்பகுதியை அதன் புதிய உடைமையாளரே இடித்தார். அருகிலிருந்த ஷான்தலூ மாளிகை 1823இல் முழுவதும் இடிபட்டது. தோட்டத்தில் நின்ற 44 மீட்டர் உயரப் பகோடா மட்டுமே மிஞ்சியது.

இந்தச் சூழலில் ஷம்போரும் விலைக்கு வந்தது. 1821இல் நாடு தழுவிய நிதி திரட்டி, அதை வாங்கி, கைக்குழந்தையாக இருந்த அரச வாரிசு போர்தோ இளவரசருக்குப் பரிசளித்தார்கள். வாங்கக் கூடாது என்று எழுந்த குரலையும் பதிவு செய்ய வேண்டும். தூரேன் பகுதியில் திராட்சை பயிரிட்ட எழுத்தாளர் பால்-லூயி கூரியே, அந்த நிலம் உழவர்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்று துண்டறிக்கை எழுதினார். அதற்காக இரண்டு மாதம் சிறையில் இருந்தார். அரண்மனையின் ஆடம்பரத்துக்கு விலை கொடுத்தவர்கள் உழவர்களே என்ற அவர் வாதத்தின் அறம் மறுக்க முடியாதது. ஆனால் அதற்கு விடை இடிப்பில் இல்லை; உரிமை மாற்றத்தில் இருந்தது. அந்த விடை வர இன்னும் நூறாண்டு ஆனது. பரிசு பெற்ற இளவரசரோ வாழ்நாளின் பெரும்பகுதியை நாடுகடந்து கழித்தார். 1871இல் சில நாள்களே ஷம்போரில் தங்கி, மூவண்ணக் கொடியை ஏற்க மறுத்து அறிக்கை விட்டு, அரியணை வாய்ப்பையும் இழந்தார்.

சட்டமும் ரயிலும்

1830இல் பிரெஞ்சு அரசு வரலாற்றுச் சின்னங்களுக்கென ஓர் ஆய்வாளர் பதவியை உருவாக்கியது. 1834 முதல் அப்பதவியில் இருந்த எழுத்தாளர் பிராஸ்பர் மெரிமே நாடெங்கும் சுற்றினார். 1840இல் வெளியான முதல் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் இடம்பெற்றன. புளுவாவும் ஷம்போரும் அவற்றில் இருந்தன. சில ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் ஃபெலிக்ஸ் துபான் புளுவாவைச் சீரமைக்கத் தொடங்கினார். ஒருபக்கம் படைவீரர்கள் குடியிருக்க, மறுபக்கம் அரச அறைகள் பழைய வண்ணம் பெற்றன.

அதே காலத்தில் ரயிலும் வந்தது. 1843இல் பாரிஸிலிருந்து ஓர்லியானுக்கும், 1846இல் அங்கிருந்து தூர் நகருக்கும் பாதை திறந்தது. ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள் சில ஆண்டுகளில் ஓய்ந்தன. துறைமுக ஊர்கள் வாடின. எந்த ரயில் ஆற்று வணிகத்தை அழித்ததோ, அதுவே பயணிகளைக் கொண்டுவந்தது. 1882இல் ஹென்றி ஜேம்ஸ் தூர் நகரைத் தளமாகக் கொண்டு ரயிலிலும் குதிரை வண்டியிலும் மாளிகைகளைச் சுற்றினார். 1884இல் அவர் வெளியிட்ட பயணநூல் ஆங்கில வாசகர்களை இப்பக்கம் இழுத்தது. 1887, 1913 ஆண்டுகளின் சட்டங்கள் பாதுகாப்பை வலுப்படுத்தின. 1913ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் சொத்தாக இருந்தாலும் பட்டியலிட்ட சின்னத்தை உடைமையாளர் விருப்பம்போல் மாற்ற முடியாது என்ற நெறியை நிலைநாட்டியது.

கதவு திறந்தது

அடுத்த கட்டத்தை முன்னெடுத்தவர்களில் தனிமனிதர்கள் முக்கியமானவர்கள். தொழிலதிபர் ஜாக் சீக்ஃப்ரீத் 1886இல் லான்ஷே கோட்டையை வாங்கினார். எட்டாம் சார்லஸுக்கும் பிரிட்டனி இளவரசி ஆனுக்கும் 1491இல் திருமணம் நடந்த கோட்டை அது. அக்காலத் தளவாடங்களால் அறைகளை நிரப்பி, 1904இல் பிரெஞ்சு அறிஞர் மன்றத்துக்கே கொடையாக அளித்தார். 1906இல் ஸ்பெயினில் பிறந்த மருத்துவ அறிவியலாளர் ஹோவாகின் கர்வாயோவும் அவருடைய அமெரிக்க மனைவி ஆன் கோல்மனும் வில்லாந்திரியை வாங்கினார்கள். அங்கிருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவை அகற்றி, பதினாறாம் நூற்றாண்டு முறையில் தோட்டம் அமைத்தார்கள். முட்டைக்கோசும் பூசணியும் கட்டங்கட்டமாக வண்ணம் பார்த்து நடப்பட்ட அந்தக் காய்கறித் தோட்டம் இன்றும் பள்ளத்தாக்கின் பெருமை. 1924இல் மாளிகை உடைமையாளர்களுக்கான சங்கத்தைக் கர்வாயோ நிறுவினார். மாளிகையைப் பூட்டி வைத்தால் சுமை, மக்களுக்குத் திறந்தால் அதுவே பராமரிப்புக்கு வழி என்ற எண்ணம் பரவியது. ஷெவெர்னி 1922இலேயே கதவைத் திறந்திருந்தது. பின்னாளில் டின்டின் படக்கதைகளில் கேப்டன் ஹேடக் குடியிருக்கும் மாளிகைக்கு அதுவே மாதிரியானது.

அரசும் பின்தங்கவில்லை. 1905இல் அஸே-லெ-ரிதோவையும் 1930இல் ஷம்போரையும் வாங்கியது. கூரியே எதிர்த்த இளவரசர் சொத்து அவர் கேட்ட வழியில் உழவர்களிடம் போகவில்லை. ஆனாலும் குடிமக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.

இரண்டு உலகப் போர்களில் இக்கட்டடங்கள் நாட்டுக்குக் கைம்மாறு செய்தன. முதற்போரில் ஷெனோன்சோவின் ஆற்றுமண்டபம் மருத்துவமனையாகி 2,000க்கும் மேற்பட்ட காயமுற்றோரைத் தாங்கியது. 1939இல் லூவர் அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் ஷம்போருக்கு வந்தன. மோனாலிசாவும் அங்கே சிறிதுகாலம் இருந்தது. 1940இல் ஷேர் ஆறே ஜெர்மானியர் கைப்பற்றிய பகுதியின் எல்லைக் கோடானபோது, ஷெனோன்சோவின் தெற்கு வாசல் ஜெர்மானியர் ஆளுகைக்கு வெளியே திறந்தது.

கோட்டையிலிருந்து பள்ளத்தாக்குக்கு

1952 மே மாதத்தில் ஷம்போரின் காப்பாளர் பால் ரோபேர்-ஊதேன் ஒரு புதுக் கலைவடிவத்தை அறிமுகப்படுத்தினார். இருட்டிய பின் சுவர்களில் ஒளி படர, ஒலிபெருக்கியில் குரலும் இசையும் வரலாறு சொல்லின. உலகின் முதல் ஒலி-ஒளிக் காட்சி அது. வெர்சாய், ஏதென்ஸ், கெய்ரோ என்று பரவி, டெல்லிச் செங்கோட்டைக்கும் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கும் வந்து சேர்ந்தது. மகாலின் தூண்களிடையே மாலையில் சிலப்பதிகாரக் கதை கேட்கும் தமிழர், லுவார் கரையில் பிறந்த வடிவம் ஒன்றின் வாரிசுகளே.

2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, சுல்லியிலிருந்து ஷலோன் வரை சுமார் 280 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1981இல் ஷம்போர் தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. இப்போது அது பள்ளத்தாக்கின் ஓர் உறுப்பானது. காக்க வேண்டியது கோட்டை மட்டுமன்று, அதைச் சோறூட்டி வளர்த்த ஊர், வயல், திராட்சைத் தோட்டம், வெள்ளத் தடுப்புக் கரை, பழைய படகுத்துறை எல்லாமே என்ற அறிவு இதன்வழி ஏற்பு பெற்றது. ஆற்றோரமாகச் சுமார் 900 கிலோமீட்டர் நீளும் சைக்கிள் பாதை இந்த நோக்குக்கு நடைமுறை வடிவம் தந்தது. சைக்கிளில் செல்பவர் மாளிகைகளுக்கு இடையிலுள்ள சிற்றூர்களிலும் இறங்குகிறார், சாப்பிடுகிறார், தங்குகிறார்.

முடிவுரை

2017இல், லுவாருக்குத் தெற்கே, 1932இன் தீயில் கூரையிழந்து மரங்கள் முளைத்துக் கிடந்த லா மோத்-ஷான்தெனியே கோட்டையைக் காக்க இணையவழி நிதி திரட்டப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 25,000க்கும் மேற்பட்டோர் பங்களித்து அதன் கூட்டு உடைமையாளர்கள் ஆனார்கள். 1821இலும் மக்கள் பணம் கொடுத்தார்கள். அன்று கோட்டை இளவரசருக்குப் போனது. 2017இல் கொடுத்தவர்களுக்கே வந்தது. இரண்டு நூற்றாண்டு மாற்றத்தின் சாரம் இதுவே.

இவ்வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. சட்டத்தின் காவல் இல்லாத இடத்தில் அழகும் புகழும் கல்வணிகரைத் தடுக்கவில்லை. மக்கள் எளிதில் வந்துசேர வழியில்லாத இடத்தில் சட்டம் மட்டும் கூரையைத் தாங்கவில்லை. சுற்றிலும் உள்ள ஊர் பிழைக்காத இடத்தில் கோட்டை தனியே பிழைக்கவில்லை. இம்மூன்றும் கூடியதால்தான் லுவார் கோட்டைகள் நிற்கின்றன. இன்றைய சிக்கல், வருகை சில பெரும் மாளிகைகளிலேயே குவிந்து, சிறு கோட்டைகள் பழுதுபார்க்க ஆளின்றி நிற்பது. ஷம்போருக்குப் போகிறவர்கள் பக்கத்து ஊரின் சிறு கோட்டைக்கும் ஒரு பொழுது ஒதுக்கினால், அவர்கள் தரும் நுழைவுக் கட்டணம் அங்கே கூரை ஓடு ஒன்றை மாற்றும், ஒரு கல்தச்சருக்கு வேலை தரும். பார்க்கப் போவது என்பது இப்பள்ளத்தாக்கில் பாதுகாப்புப் பணியின் ஒரு பகுதியாகவே வளர்ந்திருக்கிறது. அப்படி எண்ணியே அங்கு செல்வது நம் கடமை.