திமிரியிலிருந்து பாரிக்கு: தஞ்சை ரசிகர்கள் இடம் மாறிய வரலாறு

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் "மாப்பிள்ளை யாரு?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாகக் கேட்கப்பட்ட கேள்வி "மேளம் யாரு?" என்பதுதான். பெரிய வித்வான் வருகிறார் என்று தெரிந்தால் பத்திரிகை வைக்காத வீட்டிலிருந்தும் ஆள் வந்து பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். இன்று அதே ஊர்களில் கேள்வி மாறிவிட்டது. "கேரளாவிலிருந்து செண்டையா, இல்லை டிஜேவா?" என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: இளைஞர்களுக்கு ரசனை கெட்டுவிட்டது, நம் நாகஸ்வரத்தை விட்டு ஓடுகிறார்கள். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. அந்தப் பெரியவர்கள் உருகி உருகிக் கேட்ட நாகஸ்வரமே ஒரு காலத்தில் புதுசு. அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் கேட்டு வளர்ந்த ஒலி அது அல்ல. காவிரி டெல்டாவின் ரசிகர்கள் ஒரு ஒலியை விட்டு இன்னொரு ஒலிக்கு, பெரும்பாலும் உச்சத்திலிருந்து கனத்தை நோக்கி, பலமுறை நகர்ந்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி "ஏன் மாறினார்கள்?" என்பது மட்டும் அல்ல. "மாறியபோது கூட யார் வந்தார்கள்?" என்பதும்தான்.

திமிரியின் காலம்

பழைய நாகஸ்வரத்துக்குத் திமிரி என்று பெயர். குழல் குட்டை, சுருதி அதிகம். நான்கு, நான்கரை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் நிற்கும். இது தெருவுக்காகச் செய்யப்பட்ட கருவி. சுவாமி புறப்பாடு, தேர், தெப்பம், மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாமே திறந்த வெளியில் நடப்பவை. ஆயிரம் பேர் பேசிக்கொண்டு நடக்கும் வீதியில், மைக் இல்லாத காலத்தில், முன்னால் வாசிப்பது பின்னால் வருபவனுக்குக் கேட்க வேண்டும். அதற்கு உச்ச சுருதிதான் சரி.

அதற்குக் கீழே கனம் சேர்ப்பது தவில். பலாமரத்தைக் குடைந்து செய்யும் இந்த வாத்தியத்துக்கு இரண்டு முகம். வலந்தலையில் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். மறுபக்கம் தொப்பி, அதைக் குச்சியால் அடிப்பார்கள். வலந்தலை சொல்லைத் தரும். தொப்பி நெஞ்சுக்குள் இறங்கும். இன்றைய தலைமுறை 'பேஸ்' என்று சொல்வதைத் தஞ்சாவூர்க்காரர்கள் தொப்பியில்தான் முதலில் கேட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

கருவியும் சரி, கலைஞரும் சரி, தெருவுக்கு உரியவர்களாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். வாய்ப்பாட்டு வித்வான் மேடையில் உட்கார்ந்து பாடுவார். நாகஸ்வரக்காரர் சட்டை போடாமல் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வாசிக்க வேண்டும். சங்கீதம் ஒன்றுதான், மரியாதை மட்டும் வேறு.

இரண்டு ஊர்கள் சேர்ந்து செய்த மாற்றம்

இந்த நிலையை உடைத்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்வான். கிராப் வைத்து, கோட்டு, ஷெர்வானி அணிந்து, மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்று காட்டியவர். அவர் தோடியை மணிக்கணக்கில் விரித்து வாசித்த கதைகளை டெல்டாவில் இன்றும் சொல்வார்கள்.

அப்படி விரித்து வாசிக்கத் திமிரி தோதாக இல்லை. குரல் போல நீண்டு, நின்று, குழைந்து வர வேண்டுமென்றால் சுருதி இறங்க வேண்டும். சுருதி இறங்க வேண்டுமென்றால் குழல் நீள வேண்டும். குழல் நீண்டால் துளைகளின் இடைவெளி மாறும், சீவாளி மாறும், மூச்சு அதிகம் வேண்டும், விரல்கள் புதிதாகப் பழக வேண்டும். போதாக்குறைக்குப் பழைய கருவியில் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசாது, வாசிப்பவர்தான் சமாளிக்க வேண்டும்.

இதைத் தீர்த்துக் கொடுத்தவர் பக்கத்து ஊரான நரசிங்கன்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆச்சாரி. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் குடும்பத்தவர். வித்வான் வாசித்துப் பார்த்துக் குறை சொல்ல, ஆச்சாரி துளையைத் திருத்த, இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் இன்று எல்லோரும் வாசிக்கும் பாரி நாகஸ்வரம். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. பாரி நாயனம் என்ற பெயர் திருவாரூர்த் தியாகராசர் கோயில் மரபில் முன்பே உண்டு. ஆனால் கச்சேரிக் கருவியாகப் பாரி டெல்டா முழுக்கப் பரவியது ராஜரத்தினம் பிள்ளையால்தான்.

ரசிகர்களும் பின்னாலேயே வந்தார்கள். அதற்குக் காலமும் உதவியது. 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. இசைத்தட்டு வந்தது, மைக் வந்தது. இனி ஒலி தூரம் போகக் கருவி கத்த வேண்டியதில்லை. மைக்குக்கு முன்னால் திமிரி காதைக் குத்தும், பாரி இதமாக இருக்கும். நின்று கேட்ட கூட்டம் உட்கார்ந்து கேட்கும் கூட்டமாக மாறியது.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. ஐரோப்பாவில் ஷாம் என்ற உரத்த தெருக்குழல் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் திருத்தப்பட்டு, அரண்மனைக்குள் வாசிக்கத் தகுந்த ஓபோவாக மாறியது. வெளியே இருந்த கருவி உள்ளே வரும்போதெல்லாம் அதன் குரல் தணிகிறது.

அடுத்தடுத்த நகர்வுகள்

ஆனால் உள்ளே வந்த நாகஸ்வரத்துக்கு அங்கே போட்டி காத்திருந்தது. தெருவில் அதற்கு நிகரில்லை. மண்டபத்துக்குள்ளோ வயலின், புல்லாங்குழல், கிளாரினெட் எல்லாமே இருந்தன.

கிளாரினெட் 19ஆம் நூற்றாண்டிலேயே சின்ன மேளம் எனப்பட்ட சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்துவிட்டது. அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்ற பட்டத்தைக் கொடுத்தவர் ராஜரத்தினம் பிள்ளையே. போட்டி வாத்தியத்துக்கு நாகஸ்வரச் சக்கரவர்த்தி சூட்டிய மகுடம் என்று இதைச் சொல்லலாம்.

பிறகு சினிமா. 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்குக் காருகுறிச்சி அருணாசலமும், 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களும் வாசித்தார்கள். நாகஸ்வரம் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தது, உண்மைதான். ஆனால் திருவிழா இரவில் விழித்திருந்து கேட்க வேண்டியதை டென்ட் கொட்டகையில் டிக்கெட் வாங்கியும், ஒலிபெருக்கியில் சும்மாவும் கேட்கலாம் என்றாகிவிட்டது.

இதற்கிடையே தவில் தனியாக நடக்கத் தொடங்கியது. முன்பே 'ஸ்பெஷல் தவில்' என்று நோட்டீசில் தனியாகப் பெயர் போடும் வழக்கம் உண்டு. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகளுக்கென்றே கூட்டம் வரும். பின்னாளில் குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவில் சேர்ந்தபோது, நாகஸ்வரமே இல்லாமல் தவில் கேட்கும் ஒரு புது ரசிகர் கூட்டம் உருவானது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் (1949–2019), நாகஸ்வரக்காரரின் மகன். அவருடைய சாக்ஸபோனுக்கும் அரித்துவாரமங்கலம் பழனிவேல் போன்றோர் தவில் வாசித்தார்கள். 1994-ல் 'டூயட்' படம் வந்த பிறகு கல்யாண ரிசப்ஷனில் சாக்ஸபோன் வைப்பது ஒரு கௌரவமாகிவிட்டது. அந்த இடத்துக்குத்தான் பிறகு செண்டை மேளமும், அதற்கும் பிறகு ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்தன.

ரசனை மட்டும்தான் காரணமா? இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். திருவிழா இரவுகளையும் நாள்கணக்கில் நடந்த கல்யாணங்களையும் தாங்கியவர்கள் மிராசுதார்களும் மடங்களும். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1970-ல் வரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைந்தது. உழுதவனுக்கு அது நியாயம். ஆனால் ராத்திரி முழுக்க மேளம் வைத்த கைகள் சுருங்கின. கல்யாணம் வீட்டுப் பந்தலை விட்டு மண்டபத்துக்குப் போய் ஒன்றரை நாளானது. முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம், ரிசப்ஷனுக்கு வேறு இசை என்று பங்கு பிரிந்தது. நாகஸ்வரம் சடங்கானது, கேட்பது வேறொன்றானது.

லண்டனில் நடந்தது

இதே போன்ற நகர்வு முற்றிலும் வேறொரு உலகத்திலும் நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் ஜங்கிள் என்ற வேகமான மின்னணு இசையில் திளைத்தார்கள். அது டிரம் அண்ட் பேஸ் ஆனது. கூட்டத்தில் ஒரு பகுதி கராஜ் பக்கம் போனது. 2000களின் தொடக்கத்தில் அதிலிருந்து சிலர் பிரிந்து, பாட்டைக் குறைத்து, வெறும் அடி ஒலியை மட்டும் பெரிதாக்கி டப்ஸ்டெப்பை உருவாக்கினார்கள்.

அதன் பிறப்பிடங்களில் ஒன்று தெற்கு லண்டனின் க்ராய்டன் பகுதியில் இருந்த பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற ஒரு சின்ன இசைத்தட்டுக் கடை. அங்கே வேலை பார்த்தவர்களும் வந்து உட்கார்ந்திருந்த பையன்களுமே இசையமைத்தார்கள். ஒரே ஒரு தட்டு வெட்டி வாங்கி, அந்த வாரமே கிளப்பில் போட்டு, கூட்டம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். நரசிங்கன்பேட்டைப் பட்டறையில் நடந்ததும் இதுதானே? வாசிப்பவர், செய்பவர், கேட்பவர் மூவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். 2010-க்குப் பிறகு டப்ஸ்டெப் அமெரிக்காவின் பெரிய விழா மேடைகளுக்குப் போனபோது, க்ராய்டன் காலத்து ரசிகர்கள் பலர் அடுத்த இசையைத் தேடிப் போய்விட்டார்கள்.

எது மாறியது, எது தொலைந்தது

ஆக, ரசிகர்கள் மாறுவது குற்றம் அல்ல. திமிரியை விட்டுப் பாரிக்கு வந்த டெல்டா ரசிகர்கள் செய்ததும் அதையேதான். அவர்கள் பழசைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் ராஜரத்தினத்தின் தோடியே கிடைத்திருக்காது. தெருவில் நின்றவர் மேடையில் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்.

வித்தியாசம் இதுதான். அந்த முதல் நகர்வில் எல்லோரும் சேர்ந்து நகர்ந்தார்கள். ரசிகன் கனமான ஒலியைக் கேட்டான், வித்வான் மூச்சைக் கூட்டினார், ஆச்சாரி மரத்தை நீட்டினார், காவிரிக் கரைக் கொறுக்கையில் சீவாளி செய்பவர் அளவை மாற்றினார். நான்கு பேருக்கும் வேலை இருந்தது. பிந்தைய நகர்வுகளில் ரசிகன் மட்டும் தனியாகப் போய்விட்டான். சாக்ஸபோனை நரசிங்கன்பேட்டையில் கடைய முடியாது. செண்டை வேறு மாநிலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறது. ஸ்பீக்கர் பெட்டிக்குச் சீவாளி தேவையில்லை. மிஞ்சியது தவில் மட்டுமே. அது போகுமிடமெல்லாம் கூடப் போகக் கற்றுக்கொண்டதால் பிழைத்தது.

2022-ல் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காப்பாற்ற அது உதவும். ஆனால் அங்கே நாகஸ்வரம் கடையும் குடும்பங்கள் இன்று வெகு சில. மரமும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சாக் கட்டைகளை நம்பியிருக்கிறது. திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் மாவட்ட இசைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் நாகஸ்வரமும் தவிலும் படிக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் காதில் செண்டையும் உண்டு, டிஜே பேஸும் உண்டு.

அவர்களில் ஒருவர் நாளைக்கு "இந்தக் குழல் எனக்குப் போதவில்லை" என்று ஆச்சாரியின் பட்டறை வாசலில் போய் நிற்கலாம். திமிரி பாரியானது அப்படி ஒருவர் போய் நின்றதால்தான். அவர் போகும்போது பட்டறை திறந்திருக்க வேண்டும்.