கண்ணாடித் தொட்டியிற் கடல்மீன்

கொத்மலையில் நின்று பார்ப்பவர்க்குக் கடல் வெகுதூரம். எனினும் கொத்மலை ஓயா மகாவலியோடு கலந்து, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கின்றது. அதற்கு வடக்கே, புறாத்தீவைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளிடையே 'ராஸ்' என்னும் மீனினம் பல நிறங்களோடு திரிகின்றது. அம்மீனை மலைநாட்டு வீடொன்றிலே கண்ணாடித் தொட்டியில் வளர்க்க இன்று இயலும். ஆனால், அதன் அழகைக் கண்ட மனிதன் அதன் வாழ்வை அறிந்துகொள்ள நூறாண்டுக்கு மேலாயிற்று.

இலங்கையில் அரசாங்க அலுவலராயிருந்த ஜோன் விட்சர்ச் பென்னற், இத்தீவின் கடல்மீன்களைப் பற்றிய நூலொன்றை 1830இல் இலண்டனில் நிறைவுசெய்தார். கையால் வர்ணந்தீட்டிய முப்பது படங்கள் அதிலுண்டு. இரு ராஸ் மீன்களுக்கு அவர் இட்ட சிறப்புப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஒன்று ஹாட்விக் என்னும் படைத்தலைவரின் பெயர். மற்றொன்று 'போர்மோசா', அதாவது அழகியது. எனினும் படத்தில் நிறம் இருந்ததேயன்றி நடத்தை இல்லை.

1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. வெப்பக்கடல் மீன்களோ அதன் பின்னரும் நெடுங்காலம் தொட்டிகளில் மடிந்தன. அவற்றின் கழிவே நீரை நஞ்சாக்கிற்று. யக்கார்த்தாவிலே லீ சின் எங் என்பவர், உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையுங் கொண்டு கடல்நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். கற்களில் வாழும் நுண்ணுயிர்கள் அந்நஞ்சை மாற்றிவிடுகின்றன. இலங்கையிலே, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றிய ரொட்னி ஜொங்கிளாஸ் கடலில் மூழ்கி மீன்களைப் பிடித்தார். அக்கலையைப் பற்றி 1975இல் நூலும் எழுதினார்.

நீர் திருந்தியது போதுமா? போதாது. 'போர்மோசா' இருள் கண்டதும் மணலுக்குட் புதைந்து உறங்கும். மணலில்லாத தொட்டியில் அது கண்ணாடித் தளத்தில் மோதி வாயைப் புண்ணாக்கிக் கொள்ளும். அஞ்சினாலோ மேலே துள்ளும். மூடியில்லையேல் விடியலில் தரையிற் கிடக்கும். கடைகளில் விரலளவாக விற்கப்படும் குஞ்சு, செம்மஞ்சள் உடலில் கருங்கரையிட்ட வெண்பட்டைகள் உடையது. வளர்ந்தபின் நிறம் முற்றும் மாறி, ஏறக்குறைய அறுபது சென்ரிமீற்றர் நீளும். வீட்டுத் தொட்டி அதற்குச் சிறையே. ராஸ்களிற் பல, பெண்ணாய் வாழ்ந்து பின்னர் ஆணாவன. ஒரே இனத்தின் வேறுவேறு கோலங்களுக்கு அக்காலத்து அறிஞர் வேறுவேறு பெயர் சூட்டி ஏமாந்ததில் வியப்பில்லை.

இன்னும் துயரமானது தூய்மைசெய் ராஸின் கதை. பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் அச்சிறு மீன், தொட்டியிற் பெரும்பாலும் பசியால் மெலிந்து சாகின்றது. கடலிலோ பெருமீன்கள் அதனிடம் வந்து வாய்திறந்து காத்து நிற்கும்.

1998இற் கடல் வெப்பமேறி இலங்கையின் முருகைகள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. அவ்வாண்டே உயிர்மீன் ஏற்றுமதிக்கான விதிகள் வந்து, சில இனங்களைப் பிடித்தனுப்புவதைத் தடைசெய்தன. அந்நாள் முதல், தொட்டிக்கு வேண்டியது சிறு உடலுடைய ராஸா, பெரியதா என்று கேட்டு வாங்குவது வெறும் விருப்பத்தின் காரியமாக இல்லை. நுவரெலியாவில் அதை வளர்ப்போர்க்கு நீரைச் சூடாக்குங் கருவியும் வேண்டும். நான்கு விரற்கடை மென்மணலும் வேண்டும்.