ஒரே உலையும் ஒரே பந்தியும்

மனிதனை மனிதனோடு இணைப்பதும் உணவே, பிரிப்பதும் உணவே. யாருடன் அமர்ந்து உண்பது, யார் சமைத்ததை உண்பது என்னும் இரு வினாக்களில் சாதி தன் வேரை ஊன்றி நிற்கிறது. பொதுப்பந்தியின் வழியே புதியதொரு சமூகத்தை உருவாக்கக் கிறித்தவத் திருப்பணியாளர் மேற்கொண்ட முயற்சிகளை நம் இளைஞர்கள் அறிதல் நலம். அவற்றின் வெற்றியும் தோல்வியும் நமக்குப் பாடமாகும்.

ஆதித் திருச்சபையில் வழிபாடும் உணவும் இணைந்தே இருந்தன. விசுவாசிகள் கூடியுண்ட அப்பந்தி அன்பின் விருந்து எனப்பட்டது. ஆயினும் கொரிந்து நகரிலே செல்வர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்தனர். பவுல் அடிகள் அதனைக் கடிந்து எழுதினார். பந்தியில் வேற்றுமை புகுந்தால் வழிபாடே பழுதாகும் என்பது அவர்தம் கருத்து.

தமிழகத்தில் 1706இல் தரங்கம்பாடியில் லுத்தரன் திருப்பணி தொடங்கியது. காலப்போக்கில் சாதியும் ஆலயத்தினுள் இடம் பிடித்தது. மக்கள் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்துக்கும் முன்பின்னாக வந்தனர். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், இவ்வேறுபாடு உடனே ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினர். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர்கள் சாதி பாராது ஒன்றாக உண்ண வேண்டுமென வற்புறுத்தியது. மறுத்தோர் பலர் பணியை இழந்தனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையர் சமைத்த உணவை உண்டு சாதியைத் துறந்தவரே சபையிற் சேரத் தக்கவர் என்று அறிவித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு இணங்கவில்லை.

நோக்கம் உயர்ந்ததே. எனினும் அவ்விருந்து ஒரு தேர்வாக அமைந்துவிட்டது. நம் முன்னோர் ஆக்கிய சோறு, பிறருடைய மனத்தைச் சோதிக்கும் கருவியாயிற்று. உண்டவரையும் மறுத்தவரையும் ஏடுகள் குறித்து வைத்தன. சமைத்தவரின் மனத்தை எவரும் கேட்டாரில்லை. ஒருநாள் உண்டு சான்று பெற்றவர், மறுநாள் தம் தெருவுக்கே திரும்பினர்.

இக்குறையை உணர்ந்து புதுவழி கண்டவர் பரட்டை என்று அழைக்கப்பட்ட அருட்திரு தியோபிலஸ் அப்பாவு அவர்கள் (1940–2005). மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய அவர், ஒடுக்கப்பட்டோரின் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். ‘ஒரு உலை’ என்பது அவருடைய கொள்கை. ஒரே உலையில் சமைத்து உண்போரே ஒரு குடும்பம். குடும்பம் பிரிந்தால் உலையும் பிரியும். இது நம் சிற்றூர்களில் யாவரும் அறிந்த வழக்கு. அவ்வழக்கையே அவர் இறையியலாக்கினார். திருவிருந்து என்பது பசியாற்றும் உணவையும் உழைப்பையும் பகிர்ந்து வாழும் வாழ்வாக வேண்டும் என்றார்.

எனினும், சமபந்தி மட்டும் சாதியை ஒழிக்காது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் எச்சரித்துள்ளார். கலப்பு மணமே உண்மையான மருந்து என்பது அவர் முடிபு. நாம் பணியாற்றிய பள்ளியொன்றில், நம் சமூகத்துப் பெண்மணி மதிய உணவு சமைக்க வந்தபோது, சிலர் தம் பிள்ளைகளுக்கு வீட்டுச் சோறு கட்டியனுப்பினர். பிள்ளைகளோ சில நாட்களில் கட்டுச்சோற்றை மறந்து பந்தியில் வந்தமர்ந்தனர். அவர்களை எவரும் சோதிக்கவில்லை. பசியும் நட்புமே அழைத்து வந்தன. அப்பிள்ளைகள் வளர்ந்த பின்னும் அப்பந்தி நிலைக்குமா என்பதே அண்ணலின் வினா.

ஆதலின், உணவின் வழியே சமூகம் அமைக்கும் திருப்பணியைத் தொடங்க விழையும் இளைஞர்களே, இலை போடுமுன் உலையை நோக்குங்கள். நீர் சுமப்பவர் யார், அடுப்பருகே வியர்ப்பவர் யார், எச்சில் இலை எடுப்பவர் யார் என்று கேளுங்கள். அப்பணிகள் எல்லோர்க்கும் முறைவைத்து வரட்டும். சமைத்தவரும் பரிமாறியவரும் பந்தியின் நடுவே அமரட்டும். அன்றுதான் அது விருந்து. அன்றுதான் நாம் ஒரு குடும்பம்.