மஹ்மூத் அப்துல் ரவூப்: எறிந்த பந்துகளின் கணக்கு



பாடசாலை ஓய்வறையில் போன வாரம் ஒரு சின்ன வாக்குவாதம். கைகளை முகத்துக்கு நேரே ஏந்தி, தலையைக் குனிந்து நிற்கும் ஒரு கூடைப்பந்தாட்ட வீரரின் படம் எல்லோருடைய போனுக்கும் வந்திருந்தது. ஒருவர் சொன்னார்: "உலகத்திலேயே சிறந்த வீரர், தீனுக்காக அவரை அழிச்சிட்டாங்க." மற்றவர், இளமையில் கூடைப்பந்து ஆடியவர், விட்டுக்கொடுக்கவில்லை: "அதெல்லாம் இல்ல சேர். அவர் பந்தை யாருக்கும் குடுக்காத ஆள். தூரத்தில நிண்டு எறிஞ்சிக்கிட்டே இருப்பார். அதுதான் விட்டாங்க."

இரண்டு பேரும் அவர் ஆடியதைப் பார்த்ததில்லை. நாமும் அந்த நாட்களில் பார்த்ததில்லை. 1996இல் நாம் சிறு பிள்ளைகள். ஆனால் அவர் எறிந்த ஒவ்வொரு பந்தும் ஏட்டில் இருக்கிறது. கணிதம் படிப்பிப்பவர்களுக்கு ஏடு கிடைத்தால் போதாதா?

அவர் 1969 மார்ச் 9இல், மிஸிஸிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் நகரில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் கிறிஸ் ஜக்ஸன். தாய் தனியாக நின்று வளர்த்த வறிய குடும்பம். அவருக்கு டூரெட் என்னும் நரம்பு நோய் இருந்தது. உடல் தன்பாட்டில் துடிக்கும், ஒரு செயலைச் 'சரியாக' வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி மனம் நெருக்கும். சப்பாத்து நாடாவைக் கட்டி அவிழ்த்துக் கட்டுவதிலேயே நேரம் போகும். அதே நெருக்கம் பயிற்சியிலும் இருந்தது. பந்து வளையத்தில் படாமல், வலையில் மட்டும் உரசி, அவர் மனதுக்குச் சரியென்று படும் சத்தத்தோடு தொடர்ந்து பத்துத் தடவை விழும்வரை அவர் மைதானத்தை விட்டுப் போகமாட்டார். ஒன்பதாவதில் சத்தம் பிழைத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்திலேயே ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 30.2 புள்ளிகள். இரண்டாம் வருடத்தில் ஷகில் ஓ'நீலும் அதே அணிக்கு வந்தார். 1990இல் என்.பி.ஏ. தெரிவில் மூன்றாவது ஆளாக டென்வர் நகெட்ஸ் அணி அவரை எடுத்தது. 1991இல் இஸ்லாத்தைத் தழுவினார், 1993இல் பெயரை மாற்றினார். இனி ரவூப் என்றே எழுதுவோம்.

இந்த விளையாட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். பந்தைக் கீழிருந்து கொண்டு வந்து, யார் எங்கே நிற்பது, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் பொயின்ட் கார்ட். அணியின் மூளை என்பார்கள். அவர் தானே எறிந்தால் அந்த முறை மற்ற நால்வருக்கும் பந்து இல்லை. ஆகவே எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு கேள்வி முடியாது. எந்த இடத்திலிருந்து எறிந்தார், அந்த எறிதல் அணிக்கு எவ்வளவு பெறுமதி என்றும் பார்க்க வேண்டும்.

அந்த ஓய்வறை நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1993-94 பருவகாலத்தை எடுப்போம். 80 ஆட்டங்கள், சராசரி 18.0 புள்ளிகள். 1,279 தடவை எறிந்தார். அதில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தவை 133 மட்டும். மற்ற 1,146உம் கோட்டுக்கு உள்ளே. அவருடைய பிரதான ஆயுதம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து, சட்டென்று நின்று, பதினைந்து பதினெட்டு அடியிலிருந்து துள்ளி எறிவது. ஆறு அடி ஓர் அங்குல உயரந்தான். கையை விட்டுப் பந்து போகும் வேகத்தால்தான் உயரமானவர்கள் அதைத் தடுக்க முடியாமல் நின்றார்கள்.

கோட்டுக்கு உள்ளே எறிந்ததில் 546 விழுந்தன. அதாவது நூறு எறிதலுக்கு 95 புள்ளி. வெளியே நின்று எறிந்த 133இல் 42 விழுந்தன. மூன்றால் பெருக்கிப் பாருங்கள், நூறுக்கு மீண்டும் அதே 95 புள்ளிதான். அப்போதைய ரவூப் வெளியே போய் எறிவதில் அணிக்கு இலாபம் எதுவுமில்லை.

ஆனால் ப்ரீ த்ரோ? எதிரணி தவறிழைத்தால், யாரும் மறிக்காமல் பதினைந்து அடியில் நின்று எறியும் சந்தர்ப்பம். அந்த வருடம் 229இல் 219 போட்டார். 95.6 வீதம். கல்வின் மர்ஃபி 1980-81இல் வைத்த 95.8 என்ற சாதனைக்கு ஒரு மயிரிழை குறைவு. இரண்டு எறிதல் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் அணிக்கு ஏறக்குறைய 1.91 புள்ளி. அவருடைய சாதாரண எறிதலைவிட இரு மடங்கு. அப்படிப்பட்டவர் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ப்ரீ த்ரோ எறிந்தார்? மூன்றுகூட இல்லை! வளையத்துக்குக் கீழே போய் முட்டி மோதினால்தான் அது கிடைக்கும். அவர் முட்டாமல் தள்ளி நின்று எறிந்தார். உலகத்திலேயே மிகச் சிறந்த சரக்கு கடையில் இருக்க, இரண்டாந்தரச் சரக்கை விற்றவர் மாதிரி.

அதன் விலை அந்த வருடமே தெரிந்தது. 42 வெற்றிகளோடு எட்டாம் இடத்தில் நுழைந்த டென்வர், 63 வெற்றிகளோடு முதலிடத்தில் இருந்த சியாட்டில் அணியை 1994 மே 7இல், ஐந்தாவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் 98-94 என்று வென்றது. முதலிடத்தை எட்டாமிடம் வீழ்த்தியது அதுவே முதல் தடவை. முட்டொம்போ பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்து சிரிக்கும் படம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். அந்தத் தொடரில் ரவூபின் எறிதல்கள் சரியாக அமையவில்லை. காவல் இறுகும்போது, தள்ளி நின்று எறிபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பெஞ்சிலிருந்து வந்து, வளையத்தை நோக்கி முட்டிப் பாய்ந்த ரொபர்ட் பாக்தான் கடைசி ஆட்டத்தில் கைகொடுத்தார். 'உலகத்திலேயே சிறந்தவர்' என்று பகிர்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. நம்மவர் என்பதற்காகக் கணக்கை மாற்ற முடியாது.

கதை அங்கே நின்றிருந்தால் அந்த நண்பர் சொன்னதே சரி என்று நாமும் எழுதியிருப்போம்.

ஆனால் 1995-96 ஏட்டைத் திறந்தால் வேறு ஒரு ஆள் தெரிகிறார். 57 ஆட்டங்களில் 955 எறிதல். அதில் 309 கோட்டுக்கு வெளியே. முன்பு பத்தில் ஒன்று, இப்போது மூன்றில் ஒன்று. 121 விழுந்தன, 39.2 வீதம். நூறு எறிதலுக்கு 117 புள்ளி. கோட்டை 1994இல் 22 அடிக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அது எல்லாருக்கும் உதவியது. ஆனால் கிட்ட வந்த கோட்டைப் பார்த்துத் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டது அவருடைய புத்தி. இன்னொன்று, பந்தைக் கொடுக்காத ஆள் என்றார்களே, மற்றவர் புள்ளி போடக் கொடுத்த பந்துகள் 4.5இலிருந்து 6.8 ஆகியிருந்தன. 19.2 புள்ளி, 6.8 அசிஸ்ட். ப்ரீ த்ரோ மட்டும் அதே பழைய கதை, மூன்றுக்குக் குறைவு.

1995 டிசம்பர் 7இல் யூட்டா அணிக்கு எதிராக 51 புள்ளிகள். எதிரே நின்றவர் ஜோன் ஸ்டொக்டன். 1996 பெப்ரவரி 4இல், ரமழான் மாதத்தில், ஜோர்தானின் சிகாகோ புல்ஸ் டென்வருக்கு வந்தது. அந்த வருடம் முழுவதும் பத்து ஆட்டம் மட்டுமே தோற்ற அணி. அன்று வரும்போது தொடர்ச்சியாகப் பதினெட்டு வென்றிருந்தது. டென்வர் 105-99 என்று அதை நிறுத்தியது. ரவூப் 32 புள்ளிகள்.

ஐந்து வாரம் கழித்து, மார்ச் 12இல், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்ததற்காக என்.பி.ஏ. அவரை இடைநிறுத்தியது. அந்தக் கொடி பலருக்கு அடக்குமுறையின் அடையாளம் என்பது அவர் வாதம். ஓர் ஆட்டம், 31,707 டொலர். பிறகு ஓர் இணக்கம்: எழுந்து நிற்பார், தலை குனிந்து துஆ ஓதுவார். நமக்கு வந்த படம் அதுதான். அதே நாட்களில் டென்வர் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றுக்குள் வானொலிக்காரர்கள் சிலர் நுழைந்து அந்தக் கீதத்தை ஊதிவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் எல்லாரும் அவர் பக்கம் நின்றதாக நினைக்கவும் வேண்டாம். ஹூஸ்டன் அணியின் ஹக்கீம் ஒலாஜுவோனே அவரோடு உடன்படவில்லை.

ஜூன் மாதம் டென்வர் அவரைச் சக்கரமென்டோ அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வாங்கியது, காயங்களால் தளர்ந்துபோன 32 வயது சருனாஸ் மார்ச்சுலியோனிஸும், இரண்டாம் சுற்றுத் தெரிவு ஒன்றும். மார்ச்சுலியோனிஸ் டென்வருக்காக 17 ஆட்டம் ஆடி ஓய்வு பெற்றார்.

எமக்கு உறுத்துவது இந்த இடந்தான். தவறான இடத்தில் நின்று எறிந்துகொண்டிருந்த காலமெல்லாம் அவரை வைத்திருந்தார்கள். எங்கே நின்று எறிவது, எப்போது கொடுப்பது என்று அவர் கற்று முடித்த வருடத்தில் அனுப்பினார்கள். விளையாட்டுக்காகத்தான் அனுப்பினோம் என்று யாரும் சொன்னால், இந்த ஏட்டில் அதற்குச் சாட்சி இல்லை.

அவர் இருந்த கடைசி வருடம் டென்வருக்கு 35 வெற்றி. அடுத்த வருடம் 21. அதற்கடுத்த வருடம் 11 வெற்றி, 71 தோல்வி. முட்டொம்போவும் அதே கோடையில் அட்லான்டாவுக்குப் போனார் என்பதால் முழுப் பாரத்தையும் ரவூபின் கணக்கில் போட முடியாது. பாதியென்றாலும் போடலாம் என்பது எமது எண்ணம்.

சக்கரமென்டோவில் அவருக்கு நேரம் குறைந்துகொண்டே வந்தது. 1998இல், 29 வயதில், துருக்கியின் ஃபெனர்பாச்சேக்குப் போனார். 2000-01இல் வான்கூவர் அணியில் கொஞ்சம் ஆடினார், அத்தோடு என்.பி.ஏ. முடிந்தது. பின்னாளில், ஸ்டீபன் கரி தூரத்திலிருந்து எறிந்து உலகத்தை வியக்க வைத்தபோது, இது ரவூபை ஞாபகப்படுத்தவில்லையா என்று கேட்டவர் பில் ஜக்ஸன். 1996இல் புல்ஸின் பயிற்றுநராக, டென்வரில் தோற்றுத் திரும்பியவர். லூசியானாப் பல்கலைக்கழகம் அவருடைய 35ஆம் இலக்கச் சட்டையை 2020இல்தான் கௌரவித்து உயரே ஏற்றியது.

ஒலாஜுவோனைப் பற்றியும் எழுதச் சொல்லி ஓய்வறையில் இப்போதே கேட்கிறார்கள். அவர் சென்டர், வளையத்துக்குக் கீழே நின்று ஆடியவர், அது வேறு கணக்கு. இன்ஷா அல்லாஹ், தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தி முடியட்டும்.