வயநாட்டுப் பொன்: பழைய மதிப்பீடுகளை எவ்வாறு வாசிப்பது?

மட்டாஞ்சேரி மிளகு வணிகத்தில் மூட்டையைக் குத்தூசியால் சோதிப்பது பழைய வழக்கம். மேலும் நடுவும் அடியுமாகக் குத்தி எடுத்த மணிகளைக் கலந்து, ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறதென்று நிறுத்துப் பார்ப்பர். விற்பவர் தம் கையால் அள்ளிக் காட்டும் பிடியை வைத்து எவரும் விலை பேசுவதில்லை. இச்சந்தைக்கு மிளகு அனுப்பும் வயநாட்டில், 1880 வாக்கில் தங்கத்தை மட்டும் ஏறத்தாழ அந்தக் கைப்பிடியை நம்பியே விற்றார்கள்.

தேவாலா, பந்தலூர் பகுதிகளை உள்ளடக்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. ஆற்று மணலையும் மலைச்சரிவு மண்ணையும் அரித்துப் பொன் எடுப்பது அங்கே வெள்ளையர் வருகைக்கு முற்பட்ட தொழில். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் 1875இல் முதற்குறிப்பு ஒன்றை வெளியிட்டார். பின்னர், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராக இருந்த ராபர்ட் ப்ரௌ ஸ்மித் 1879இல் வந்து ஆராய்ந்து, 1880இல் நம்பிக்கை மிகுந்த அறிக்கை ஒன்றை அளித்தார். அதனைத் தொடர்ந்து இலண்டனில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கப்பட்டன. அவற்றின் பெயரளவு மூலதனம் பல மில்லியன் பவுண்டுகளை எட்டியது.

நிலத்தை விற்றவர்கள் யார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இலைநோயால் நொடித்த காப்பித் தோட்டங்களின் உரிமையாளர் பலர், விலைபோகாத தோட்டங்களைப் ‘பொன்நிலம்’ என்று கைமாற்றினர். கல்லைத் தேர்ந்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியவருக்கு அந்தக் கல்லின் மதிப்பில் ஆதாயம் இருந்தது. மாதிரி எங்கே, எத்தனை அகலத்தில், எவரால் வெட்டப்பட்டது என்ற விவரம் இல்லாத அட்டவணையை வரலாற்றாசிரியர் விற்பனை ஆவணமாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இயந்திரங்கள் மலையேறி, கல் அரைபட்டபோது கிடைத்தது டன்னுக்குச் சில பென்னிவெயிட் மட்டுமே. ஓரிரு ஆண்டுகளிலேயே பெரும்பாலான கம்பெனிகள் சரிந்தன. ஹேடன், ஹாட்ச் ஆகியோர் 1901இல் வெளியிட்ட ஆய்வும் நம்பிக்கை தருவதாக இல்லை.

இன்றைய ஆய்வாளருக்கு முதற்சிக்கல் அலகுதான். ஒரு பென்னிவெயிட் 1.555 கிராம், அக்கால ஆங்கில டன் 1,016 கிலோ. ஆகவே டன்னுக்கு ஒரு பென்னிவெயிட் என்பது இன்றைய கணக்கில் 1.53 கிராம். அதனை 907 கிலோ கொண்ட அமெரிக்க டன் எனக் கொண்டால் 1.71 கிராம் ஆகிவிடும். கலப்புலோகக் கட்டியின் எடையா, தூய தங்கத்தின் எடையா என்பதும் பழைய பதிவுகளில் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. பொறுக்கி எடுத்த மாதிரிகள் தரத்தை உயர்த்திக் காட்டின. ஆனால் ஆலையில் கிடைத்த விளைச்சலோ தரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கும். காரணம், அன்று பொன்னைப் பிரிக்கப் பெரும்பாலும் பாதரசமே வழி. கந்தகக் கனிமங்களுக்குள் சிக்கிய நுண்பொன் கழிவோடு போய்விடும். அதனையும் மீட்கவல்ல சயனைடு முறைக்கு மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்றது 1887இல்தான். வயநாட்டு ஆரவாரம் அதற்குள் ஓய்ந்திருந்தது. எனவே அறிக்கை எண்ணை ஏற்பதும் தவறு; ஆலை எண்ணை உண்மைத் தரமாகக் கொள்வதும் தவறு. இரண்டின் சராசரியை எடுப்பது இன்னும் பெரிய தவறு. எதிரெதிர்ப் பிழைகள் ஒரே அளவில் இருக்கும் என்று எவரும் உறுதி தரவில்லை.

1997இல் இந்தோனேசியாவின் பூசாங்கில் ப்ரெ-எக்ஸ் மோசடி வெளிப்பட்டது. துளைத்தெடுத்த பாறைத்தண்டுகளில் பாதியைப் பாதுகாக்காமல் முழுவதையும் அரைத்துவிட்டிருந்ததால், மறுசோதனைக்குக் கல்லே மிஞ்சவில்லை. அதன்பின் கனடா 2001இல் நடைமுறைப்படுத்திய 43-101 விதி, பழைய மதிப்பீட்டை மேற்கோள் காட்டத் தடை விதிக்கவில்லை. எவர், எப்போது, எந்த அனுமானத்தில் கணக்கிட்டார் என்று கூறி, அதனை நடப்பு மதிப்பீடாகக் கருதவில்லை என்றும் வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. நம் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளுக்கும் இவ்விதி பொருந்தும். இந்தியாவின் 2015ஆம் ஆண்டுக் கனிமச் சான்று விதிகளும் ஆய்வை ஜி4 முதல் ஜி1 வரை படிநிலைப்படுத்துகின்றன. பழைய அறிக்கை எத்துணைப் புகழ்பெற்றதாயினும், அந்தப் படிகளைத் தாவ உதவாது.

சரிபார்ப்பின் முதற்பாதி ஆவணக்காப்பகத்தில் நிகழ்வது. கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் இலண்டன் கியூவில் பிடி 31 தொகுதியில் உள்ளன; சென்னை அரசின் நடவடிக்கைப் பதிவுகள் எழும்பூரில் உள்ளன. பழைய வரைபடத்தின் சுரங்க வாயை இன்றைய ஆயத்தொலைவுகளோடு பொருத்திய பின்னரே, அதே இடத்தில் குறுக்குவாட்டில் மாதிரி வெட்டுவதும் பழைய துளைக்கு அருகே இணைத்துளை இடுவதும் பொருள்படும். இதற்கிடையே, வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பொன் இன்னும் உள்ளே இருக்கிறது என்ற பேச்சு தேவாலாவில் மறையவில்லை. கைவிடப்பட்ட குழிகளில் இறங்கி, மண் சரிந்து மாண்டோர் அண்மைக்காலத்திலும் உண்டு.